தைத்து அடைத்த பஞ்சு

தலையில் பஞ்சோடு வந்து, கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டுப் போன என் அப்பாவுக்கு,

முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு எழுதப் படிக்க வராது. பஸ்ஸின் நெற்றியில் இருக்கும் ஊர்ப் பெயரை அதன் வடிவத்தை வைத்துக் கண்டுபிடிப்பீர்கள். பேனாவைக் கையில் கொடுத்தால் என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டுச் சிரிப்பீர்கள். வீட்டுக்கு வந்த எந்தத் தாளையும் உங்களுக்கு வாசித்துக் காட்டியது நான்தான். இப்போது நானே எழுதி நானே வாசித்துக் காட்ட வேண்டியிருக்கிறது, அதுவும் நாலு பேர் காதில் விழும்படி. வீட்டுப் பேச்சு வாசலைத் தாண்டக் கூடாது என்று இருந்த மனிதருக்கு இது பிடிக்காது என்று தெரியும்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். போன ஐப்பசியிலேயே அழுது முடித்துவிட்டேன். இப்போது கோபமாக இருக்கிறேன். உங்கள் மேலும்தான்.

அம்மா இருக்கிறாள். ஆஸ்பத்திரிக்குப் பேண்டேஜ் துணி சுற்றும் வேலையை விட்டுவிடு என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன், விடவில்லை. தம்பி பாலிடெக்னிக் போகிறான். உங்கள் சைக்கிளை எடுத்துக்கொண்டான், சீட்டை ஏற்றி வைத்திருக்கிறான். நான் பட்டம் வாங்கிய கையோடு இ-சேவை மையத்தில் உட்கார்ந்து, வருகிறவர்களின் பெயரையும் ஊரையும் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் இருப்பதால் அதிகம் பேச வேண்டியதில்லை. அந்த வேலை எனக்குத் தோதாக இருக்கிறது.

மில் சங்கு ஊதினால் அம்மா இன்னும் உங்கள் குளியலுக்கு அடுப்பில் சுடுதண்ணீர் வைக்க எழுந்து போகிறாள். பாதி வழியில் நின்று, வேறு ஏதோ எடுக்க வந்தவள் போல ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டு திரும்புகிறாள். நானும் தம்பியும் பார்க்காத மாதிரி இருந்துகொள்கிறோம்.

இனி செய்தி. உங்கள் பெயரை அச்சில் போடப் போகிறார்கள் அப்பா.

மில் மேனேஜர் நம் வீட்டுக்கே வந்தார். தெருவுக்குள் கார் வராது என்பதால் முக்கில் நிறுத்திவிட்டு வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார். ஸ்ரீவில்லிபுத்தூர் ஹாஸ்டலில் நான் இருந்தேனே, மூச்சிளைப்புப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கிய அறை, அதற்கு மில் சார்பில் புது மெத்தைகள் கொடுக்கிறார்களாம். பழைய மெத்தைகள் உங்கள் யோசனையில் வந்தவை. அதனால் புதியவை உங்கள் நினைவாக. வரும் ஞாயிற்றுக்கிழமை விழா. வாசலில் உங்கள் படம் போட்ட ஃப்ளெக்ஸ், ஒவ்வொரு மெத்தை உறையிலும் உங்கள் பெயர். அந்த அறையில் இருந்து படித்துப் பட்டம் வாங்கிய பிள்ளை என்று நான் மேடையில் நாலு வார்த்தை பேச வேண்டும்.

அவர் போன பிறகு அம்மா உங்கள் படத்துக்கு முன்னால் போய் நின்றாள். "அவிய பேரு ஒரு போர்டுல வருதுட்டி" என்றாள். பொட்டு வைக்கும் சாக்கில் உங்கள் நெற்றியைத் தடவிக்கொண்டே இருந்தாள். சம்பளச் சீட்டையும் ரேஷன் கார்டையும் தவிர உங்கள் பெயர் வேறெங்கும் அச்சாகி அவள் பார்த்ததில்லை.

அந்த மெத்தைகளைப் பற்றித்தான் நான் உங்களிடம் பேச வேண்டும்.

எனக்கு அப்போது நாலாம் வகுப்பு. நீங்கள் புளோ ரூமில் இருந்து வருவீர்கள். பேல் மூட்டையைப் பிரித்துப் பஞ்சை அடிக்கிற இடம், மில்லிலேயே தூசி மிகுந்த இடம் அதுதான். புருவத்தில், காது மடலில், டிபன் பாக்ஸ் மூடியின் விளிம்பில் எல்லாம் பஞ்சு ஒட்டியிருக்கும். அம்மா மடி நிறைய பேண்டேஜ் துணி. நடுவில் நான், தலையணையை மடியில் வைத்துக் குனிந்து மூச்சு வாங்கிக்கொண்டு. பஞ்சு இல்லாத இடத்தில் பிள்ளையை வைத்திருங்கள் என்றார் டாக்டர். ராஜபாளையத்தில் பஞ்சு இல்லாத வீட்டுக்கு நாம் எங்கே போவது?

அப்படித்தான் அந்த ஹாஸ்டலுக்குப் போனேன். எங்கள் அறையில் எல்லாரும் மில் வீட்டுப் பிள்ளைகள், தறி வீட்டுப் பிள்ளைகள். சிவப்பு சிமெண்டுத் தரை, ஆளுக்கொரு கோரைப்பாய், ஜன்னலில் திரை கிடையாது. மொட்டை மாடியில் ஏறினால் ஒரு பக்கம் கோயில் கோபுரம், மறுபக்கம் மலை. வந்த புதிதில் அழுதேன். ஆனால் மூச்சு விட்டேன். முதல் வருடம் அந்தப் பாயில் படுத்து நான் நன்றாகவே மூச்சு விட்டேன் அப்பா, இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நெஞ்சுக்குள் கேட்கும் சத்தத்துக்கு நாங்கள் பூனை என்று பெயர் வைத்திருந்தோம். "ஏட்டி, உன் பூனை கத்தி என் பூனையும் முழிச்சிருச்சு" என்று சண்டை வரும். இந்தப் பெயரை வைத்தவள் ஸ்டெல்லா. செட்டியார்பட்டிக்காரி, என் பக்கத்துப் பாய். நான் பேசாததையும் சேர்த்து அவளே பேசிவிடுவாள்.

மருந்து எங்கள் கையில் இருக்காது. எல்லாருடைய இன்ஹேலரும் வார்டன் டீச்சரின் பீரோவுக்குள் பூட்டியிருக்கும். கையில் கொடுத்தால் பழகிவிடும், பிறகு அது இல்லாமல் இருக்க முடியாது என்பது அவர் நம்பிக்கை. இளைப்பு வந்தால் அவர் அறைக்குப் போய் நிற்க வேண்டும். அவர் ஒரு சோதனை வைத்திருந்தார். பேர், ஊர், அப்பா பேர் மூன்றையும் ஒரே மூச்சில் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் ஒன்றுமில்லை, நடிப்பு, போய்ப் படு. சொல்ல முடியாமல் நின்றால்தான் பீரோ திறக்கும்.

முத்துலட்சுமி, ராஜபாளையம், கருப்பசாமி. நான் எப்போதும் உங்கள் பெயரின் பாதியில் நின்றுவிடுவேன். ஸ்டெல்லாவின் அப்பா பெயர் ஞானசிகாமணி. "எங்கப்பா பேரு நீளம்ட்டி, எனக்கு மருந்து நிச்சயம்" என்பாள். எங்களோடு ஒரு சின்னப் பிள்ளை இருந்தாள், அவள் அப்பா பெயர் வெறும் மணி. அவளை நினைத்து நாங்கள் எல்லாரும் பரிதாபப்படுவோம். எவ்வளவு திணறினாலும் மணி என்று சொல்ல மூச்சு மிச்சம் இருந்துவிடும், பாவம்.

இப்போது எழுதும்போது சிரிப்பு வருகிறது. வந்த வேகத்தில் நின்றும் போகிறது. ஒரு குழந்தை எவ்வளவு திணறினால் மருந்து கொடுக்கலாம் என்று அப்பா பெயரை வைத்து அளந்திருக்கிறார்களே. யார் கேட்டார்கள்? நீங்கள் கேட்டீர்களா?

நீங்கள் உள்ளேயே வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மற்றப் பிள்ளைகளின் அப்பா அம்மா எல்லாம் உள்ளே வந்து வராந்தாவில் உட்கார்ந்து, தலை பின்னிவிட்டு, ஊட்டிவிட்டுப் போவார்கள். அம்மா தம்பியைத் தூக்கிக்கொண்டு எப்போதாவது வருவாள். நீங்கள் வாரம் தவறாமல் வந்தீர்கள். வந்து, சாலைக்கு அந்தப் பக்கம் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டீர்கள். முறுக்குப் பொட்டலத்தை வாட்ச்மேனிடம் கொடுத்து அனுப்புவீர்கள். நான் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். பஸ்ஸும் லாரியும் போகிற இடைவெளியில், சாப்பிட்டியா தாயி, படிக்கியா தாயி என்று கத்துவீர்கள். நான் தலையை ஆட்டுவேன். அவ்வளவுதான்.

"உங்கப்பா எந்நேரமும் வாட்ச்மேன்கூடவே நிக்காரு, அவரையும் வேலைக்குச் சேத்துட்டாகளா?" என்று கேட்பார்கள் பிள்ளைகள். என் பூனைச் சத்தம் உங்களுக்குப் பிடிக்கவில்லை என்று முடிவு செய்துகொண்டேன். வீட்டில் வைத்திருக்க முடியாத பிள்ளையைத் தொட்டுப் பேசவும் பிடிக்காதுபோல. அதற்கு வேறு என்ன காரணம் இருக்கும் என்று ஒரு பத்து வயதுப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்?

அடுத்த மார்கழியில் ஒரு நாள், எல்லாரும் தரையிலா படுக்கிறீர்கள் என்று சாலைக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டீர்கள். ஆமாம் என்றேன். உங்கள் முகம் சுருங்கிப்போனது. ஊருக்கே பஞ்சு அடிக்கிறவன் மகள் வெறும் பாயில் படுக்கிறாள் என்பது உங்களை அறுத்திருக்க வேண்டும். மறுநாளே மேனேஜரிடம் போய் நின்றிருக்கிறீர்கள். மிஷினுக்கு அடியில் விழும் கழிவுப் பஞ்சு, கொட்டைத் தூளும் குப்பையுமாக மூட்டை மூட்டையாகப் போவதில் கொஞ்சம் கொடுத்தால் பிள்ளைகளுக்கு மெத்தை தைக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். மேனேஜருக்கும் சந்தோஷம். செலவில்லாத தர்மம். மெத்தை தைக்கிறவர் கூடவே உட்கார்ந்து, லீவு போட்டு, நீங்களே பஞ்சை அடைத்தீர்களாம். அம்மா இன்றைக்கும் பெருமையாகச் சொல்கிறாள்.

மினி லாரியில் மெத்தைகள் வந்து இறங்கிய நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நீலக் கோடு போட்ட துணி. நீங்கள் ஒவ்வொன்றாகச் சுமந்து கேட்டு வரைக்கும் கொண்டுவந்து வைத்தீர்கள், உள்ளே மற்றவர்கள் தூக்கி வந்தார்கள். மேனேஜர், வார்டன் டீச்சர், நாங்கள் எல்லாரும் மெத்தையைச் சுற்றி நின்று போட்டோ எடுத்துக்கொண்டோம். அதில் நீங்கள் இல்லை. கேட்டுக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். போட்டோ எடுத்து முடிந்ததும், உங்கள் வாழ்க்கையில் ஒரே தடவையாக, எல்லார் முன்னாலும் சத்தமாகக் கேட்டீர்கள். "தாயி, எப்படி இருக்கு?"

நன்றாக இருந்தது அப்பா. ஒரே ஒரு நாள். குதித்தோம், புரண்டோம். அப்புறம் பூனைகள் வந்தன. எல்லாருக்கும். அதுவரை வாரத்தில் ஒரு நாள் திறந்த பீரோவை, தினமும் திறக்க வேண்டியதாயிற்று. சொகுசு கிடைத்ததும் பிள்ளைகளுக்கு நோயும் கூடிவிட்டது என்றார் வார்டன் டீச்சர்.

கண்டுபிடித்தது ஸ்டெல்லாதான். மழையில் ஜன்னலோரம் இருந்த அவள் மெத்தை நனைந்துபோனது. காயும் வரை அவள் பழையபடி பாயில் படுத்தாள், பூனை போய்விட்டது. மெத்தை காய்ந்து திரும்பி வந்தது, பூனையும் வந்தது. அவள் என் காதில் வந்து சொன்னாள்: "ஏட்டி, பூனை நம்ம நெஞ்சுக்குள்ள இல்ல. மெத்தைக்குள்ள இருக்கு."

நாங்கள் இரண்டு பேரும் மெத்தையைச் சுருட்டிவிட்டுத் தரையில் படுத்தோம். வார்டன் டீச்சர் பார்த்துவிட்டார். அவர் ஸ்டெல்லாவைத் திட்டவில்லை, என்னைத்தான் திட்டினார். "உங்கப்பன் முதுகுல சுமந்து கொண்டாந்து போட்டிருக்கான், நீ காலால உருட்டுதியா? விரிச்சுப் படுட்டி." படுத்தோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் உங்களிடம் சொன்னேன். நினைவிருக்கிறதா? எனக்குச் சத்தம் போட்டுப் பேச வராது, ஆனாலும் கத்திச் சொன்னேன். மெத்தை ஒடம்புக்கு ஆகலப்பா, எல்லாருக்கும் இளைக்குது, பஞ்சு ஆகல. சாலையில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

நீங்கள் சிரித்தீர்கள். "பறக்குற பஞ்சுதான் தாயி பகை. தைச்சு அடைச்ச பஞ்சு எங்க பறக்கப் போகுது? அது பஞ்சே இல்ல, மெத்தை."

இதை இத்தனை வருடமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். வேறு வேலை பார்க்கிற எந்த மனிதரும் இப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள். நாள் முழுக்கக் கண் முன்னால் பஞ்சு பனி மாதிரி பறப்பதைப் பார்த்தவருக்குத்தான், பறக்காத பஞ்சு அடங்கிப்போன பஞ்சு என்று தோன்றும். புளோ ரூமுக்கு வெளியே வந்து மூட்டையாகக் கட்டிவிட்டால் அதன் கதை முடிந்தது உங்களுக்கு. அதற்குள் இருக்கிற கண்ணுக்குத் தெரியாத தூளை, நாங்கள் திரும்பிப் படுக்கும்போதெல்லாம் மூக்கில் ஏறியதை, நீங்கள் தூசி என்றே கணக்கில் வைக்கவில்லை. உங்கள் அறியாமை எனக்குப் புரிகிறது. அந்தச் சிரிப்பைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. மகள் சொன்னதைவிட உங்களுக்கு மில் கொடுத்தது பெரிதாக இருந்தது.

அதற்கு அப்புறம் நடந்ததை நான் உங்களிடம் முழுதாகச் சொல்லவே இல்லை. ஒரு காலையில் பிரேயருக்கு மணி அடித்த நேரம், ஸ்டெல்லா வார்டன் டீச்சர் முன்னால் போய் நின்றாள். பேர் சொல்லு என்றார். அவளுக்கு அப்பா பெயர் வரைக்கும் போக வேண்டியிருக்கவில்லை. அவள் பெயரே வரவில்லை. உதடு நீலமாகிவிட்டது. அவர் பயந்துபோய்ச் சாவியைத் தேடியதும், ஆட்டோவில் ஏற்றியதும், பெரியாஸ்பத்திரியில் மருந்துப் புகை பிடிக்க வைத்து ஆக்ஸிஜன் வைத்ததும் மற்றவர்கள் சொல்லித் தெரிந்துகொண்டேன். பிழைத்துவிட்டாள். அவளுடைய அப்பா வந்து பெட்டியை எடுத்துக்கொண்டு கூட்டிப் போய்விட்டார். பிள்ளை உயிரோடு இருந்தால் போதும், படிப்பு வேண்டாம் என்று சொன்னாராம். ஐந்தாம் வகுப்போடு சரி.

கணக்கில் என்னைவிட அவள் கெட்டிக்காரி. இன்றைக்கு அவள் ஒரு ஷெட்டில் உட்கார்ந்து பேண்டேஜ் சுற்றுகிறாள். முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டு.

நான் மட்டும் தப்பித்தேன். எப்படி என்று மேனேஜருக்குத் தெரியுமா? ஸ்டெல்லா போன பிறகு, விளக்கை அணைத்ததும் மெத்தைக்கும் சுவருக்கும் நடுவில் இறங்கித் தரையில் படுத்துக்கொள்வேன். விடியும் முன் மெத்தை மேல் ஏறிக்கொள்வேன். பள்ளி முடியும் வரைக்கும் அப்படித்தான். அந்த மெத்தையில் படுத்து வளர்ந்த பிள்ளை என்று என்னை மேடையில் ஏற்றப் போகிறார்கள்.

உங்களுக்கு இளைப்பு வந்தபோது முதலில் யாரும் நம்பவில்லை. மில் டாக்டர் பீடி குடிப்பீங்களா என்று கேட்டார். இல்லை என்றீர்கள். மறுபடி கேட்டார். வெற்றிலைகூடப் போடாத மனிதர் நீங்கள். எவ்வளவு இல்லை என்று சொன்னாலும், பீடியை விட்டுருங்க, சரியாப் போயிரும் என்றுதான் அனுப்பினார். மேனேஜர் ஒரு பை ஆப்பிள் கொடுத்துவிட்டார். "எம்புட்டு நல்ல மனுசன் பாரு" என்று சொல்லி அதைத் தம்பிக்கு நறுக்கிக் கொடுத்தீர்கள். நான் வேண்டாம் என்றேன். ஏன் என்று நீங்கள் கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன். கேட்கவில்லை.

பெரியாஸ்பத்திரியில் சீட்டு எழுதும் இடத்தில் அந்தப் பெண் உங்களிடம் மூன்றே கேள்விதான் கேட்டாள். பேர், ஊர், அப்பா பேர். நீங்கள் கருப்பசாமி என்றீர்கள். நிறுத்தி, மேசையைப் பிடித்துக்கொண்டு, ராஜபாளையம் என்றீர்கள். தாத்தா பெயர் வரவில்லை. வாய் மட்டும் அசைந்தது. நான் சொல்லி எழுதச் சொன்னேன். உங்களுக்கு எந்தப் பீரோவைத் திறக்க வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. அங்கே நின்றபோது உங்கள் நெஞ்சுக்குள் எனக்குத் தெரிந்த அதே பூனை கத்தியது.

நீங்கள் ஏன் கேட்டுக்கு வெளியே நின்றீர்கள் என்பது உங்கள் கருமாதி முடிந்த அன்றுதான் எனக்குத் தெரிய வந்தது. உங்கள் மில் சட்டையை மடித்து வைத்துக்கொண்டே அம்மா சாதாரணமாகச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை மிஷின் கிளீனிங். அன்றைக்குத்தான் தூசி அதிகம். வீட்டுக்கு வந்து குளித்துவிட்டுக் கிளம்பினால் ஹாஸ்டலில் பார்க்கும் நேரம் தாண்டிவிடும். அதனால் மில்லில் இருந்து நேராகப் பஸ் ஏறிவிடுவீர்கள். அந்தச் சட்டையோடு பிள்ளை பக்கத்தில் போகாதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். "பிள்ளை ஓடி வந்து கட்டிக்கிட்டா தள்ளி விட முடியாதுல்லா, அதான் ரோட்டுக்கு அந்தப் பக்கமே நின்னுக்கிடுவாரு."

ஒரே ஒரு வரி அப்பா. ஏம் மேல பஞ்சு இருக்கு தாயி, அதான் வரல. இதைச் சொல்வதற்கு என்ன? சாப்பிட்டியா, படிக்கியா என்று கத்தியதோடு சேர்த்து இதையும் கத்தியிருக்கலாமே. உங்களுக்கு என்னைப் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டே ஒரு பிள்ளை வளர்ந்தாள்.

தலைமுடியில் ஒட்டிய பஞ்சுக்குப் பயந்து வெளியே நின்றவரும் நீங்கள்தான். மெத்தை மெத்தையாக அடைத்து உள்ளே அனுப்பியவரும் நீங்கள்தான். யாரிடம் போய் நான் கோபப்பட?

மேனேஜர் வந்து போன இரண்டாம் நாள் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனேன். ஹாஸ்டல் வாசலில் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார்கள். இப்போது வார்டன் வேறு. பீரோ அதேதான். உங்கள் பெயர் போட்ட மெத்தைகள் சுவரோரம் அடுக்கியிருந்தன. ஒன்றைக் கையால் அழுத்திப் பார்த்தேன். அதே எண்ணெய் வாடை, அதே கொட்டைத் தூள் வாடை. செத்த நேரத்தில் எனக்குத் தும்மல் வந்துவிட்டது.

ஒரு சின்னப் பிள்ளை பின்னாலேயே வந்தாள். இரண்டாம் வகுப்பு இருக்கும், சேத்தூர்ப் பக்கம். இந்த மெத்தை எங்களுக்கா அக்கா என்று கேட்டாள். உன் பேர் என்ன என்றேன். அவள் நிமிர்ந்து நின்று, மூச்சை இழுத்துப் பிடித்து, பேர், ஊர், அப்பா பேர் மூன்றையும் ஒரே ஓட்டமாகச் சொல்லி முடித்தாள். முடித்துவிட்டு, சரியாகச் சொன்னேனா என்பது போல என் முகத்தைப் பார்த்தாள்.

பேரைத்தானே கேட்டேன் அப்பா. நான் ஒன்றும் இவளைச் சோதிக்கவில்லையே.

அங்கிருந்து நேராக மில் ஆபீஸுக்குப் போனேன். நான் அங்கே உட்கார்ந்து பேசுவேன் என்று நீங்கள் நினைத்தே பார்த்திருக்க மாட்டீர்கள், நானும்தான். சத்தம் வரவில்லை, ஆனால் சொல்லிவிட்டேன். அந்தப் பிள்ளைகளுக்குப் பஞ்சு மெத்தை வேண்டாம் சார், பாய் போதும்.

மேனேஜர் சிரித்தார். "பாயா? மில்லு பேர்ல பாய் குடுத்தா போட்டோவுல என்னம்மா இருக்கும்?"

அதனால்தான் எங்களுக்கு இளைப்பு கூடியது என்றேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, பொறுமையாக, பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னார். "இது நாங்களா குடுத்தது இல்லம்மா. உங்கப்பா வந்து நின்னு கேட்டது. அவர் கேட்டதைத்தான் அவர் பேர்ல குடுக்கோம்."

எழுந்து வந்துவிட்டேன். பஸ்ஸில் வரும்போது, அவர் என் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்ததா, நீங்கள் அறைந்த மாதிரி இருந்ததா என்று தெரியவில்லை.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்டெல்லாவைப் பற்றிக்கூட. அவள் மடியில் இருந்த பேண்டேஜ் துணியை மடித்து வைத்தாள். பிறகு சொன்னாள்: "உள்ளதாவே இருக்கட்டும். அதை மேடையில சொல்லணுமா? நல்லது செஞ்சாருன்னு ஊரு சொல்லுத ஒரே விசயம் இதுதான்ட்டி. அதுலயும் மண்ணள்ளிப் போட்டுட்டா, அவியளுக்குன்னு என்ன மிஞ்சும்?"

அவள் கேட்டதில் நியாயம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். நான் பேசாமல் இருந்தால் உங்கள் பெயர் மெத்தை மேல் அழகாக இருக்கும். அதன் மேல் அந்தச் சேத்தூர்ப் பிள்ளை படுத்து, மூச்சுக்காகக் குனிந்து உட்கார்ந்திருப்பாள். பேசினால், அம்மா முன்வரிசையில் உட்கார்ந்து கேட்பாள். இந்த இரண்டுக்கும் நடுவில் வேறு வழி இருக்கிறதா என்று தேடினேன். ஸ்டெல்லாவிடம் கேட்டேன். "நீ பேசு. உனக்கு நாக்கு ஒட்டிக்கிட்டா நான் எந்திரிச்சுப் பேசுதேன்" என்றாள். ஞாயிற்றுக்கிழமை ஷெட்டுக்கு லீவு சொல்லிவிட்டு வருகிறாள். அன்றைக்கு மூச்சிழுக்கும்போது சொல்ல முடியாமல் போன தன் பெயரைச் சொல்ல.

முடிவு செய்துவிட்டேன் அப்பா. இது நான் உங்களுக்குக் கொடுக்கும் வாக்கு. உங்கள் பெயர் அந்த மெத்தைகளின் மேல் இருக்காது. மேடையில் ஏறி, இந்த அறைக்கு மெத்தை வேண்டாம் என்று சொல்லப் போகிறேன். தரையில் விரிக்க, கழுவித் துடைக்கக்கூடிய பாய் போதும் என்று சொல்வேன். பீரோவைத் திறந்து ஒவ்வொரு பிள்ளையின் மருந்தையும் அவள் கையிலேயே கொடுங்கள் என்று சொல்வேன். இந்த மெத்தையைக் கேட்டது என் அப்பாதான், அன்பில் கேட்டார், தெரியாமல் கேட்டார், அவர் நுரையீரலிலும் இதே பஞ்சுதான் இருந்தது, பீடிப் புகை இல்லை என்றும் சொல்வேன். மேனேஜரைப் பார்த்துச் சொல்வேன். அம்மா அழுவாள். அழட்டும், அன்றைக்குச் சாயங்காலம் நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். உங்களைப் பற்றி ஊர் என்ன பேசும் என்று தெரியவில்லை. ஆனால் உண்மையோடு சேர்த்து உங்கள் பெயரைச் சொல்வதைவிடப் பெரிய மரியாதை எனக்குத் தெரியவில்லை.

கோபம் தீரவில்லை. தீரும் என்று நினைத்துத்தான் எழுத ஆரம்பித்தேன். இருக்கட்டும்.

ஆரம்பத்தில் இருந்தே கேட்க நினைத்து, கேட்காமல் வைத்திருந்த ஒன்று இருக்கிறது. மேடையில் முதலில் என்ன சொல்வது என்று யோசித்துப் பார்த்தேன். எனக்குத் தெரிந்தது அந்த மூன்றுதான். பேர், ஊர், அப்பா பேர். முதல் இரண்டையும் சொல்லிவிடுவேன். உங்கள் பெயரில்தான் எனக்கு எப்போதும் மூச்சு நிற்கும்.

அதனால் ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வேப்பமரத்தடியில் நிற்க வேண்டாம். குளித்துவிட்டு வர வேண்டாம், சட்டை மாற்ற வேண்டாம். புருவத்தில் ஒட்டிய பஞ்சோடு, அப்படியே சாலையைத் தாண்டி, அந்தக் கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே வாருங்கள் அப்பா. நான் பேசி முடிக்கும் வரைக்கும் என்னைத் தொட்டுக்கொண்டு நில்லுங்கள்.

கேட்டுக்கு இந்தப் பக்கம் காத்திருக்கும்,
உங்கள் மூத்த மகள்
முத்துலட்சுமி